மருந்தே இல்லாத நானோ துகள் புற்றுநோய்ச் செல்லை எப்படிக் கொல்கிறது?

உயிரியல் ஆசிரியை — கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் செல் பிரிதல் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி நாளிதழிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துணுக்கைக் கொண்டுவந்து காட்டினாள். நானோ துகள்கள் புற்றுநோய்ச் செல்களைத் தற்கொலை செய்துகொள்ள வைக்கின்றன என்பது அதன் சாரம். நானோ துகள் என்பது மருந்தை ஏற்றிச் செல்லும் வண்டி போன்றது, கட்டிக்குள் போய்ச் சுமையை இறக்கிவிடும், அந்த மருந்துதான் செல்லைக் கொல்லும் என்று நான் விளக்கினேன். அவள் துணுக்கின் கடைசிப் பத்தியில் விரலை வைத்து, "டீச்சர், இந்தத் துகளில் மருந்து எதுவும் இல்லை என்றுதானே போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் சரியாகச் சொல்கிறேன் என்று அவளிடம் கூறியிருக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. மருந்து சுமக்காத ஒரு துகள், வெறும் சிலிக்காவோ இரும்பு ஆக்சைடோ தங்கமோ, ஒரு செல்லை எப்படிச் சாகச் செய்ய முடியும்? அப்படிச் செய்ய முடியுமானால், பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை அது ஏன் விட்டுவைக்கிறது? "தற்கொலை" என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவது அறிவியல் முறைப்படி சரியா, அல்லது செய்திக்காகச் சேர்த்த அலங்காரமா? பாடநூல் அளவுக்கு மேல் சற்று ஆழமாகச் சொன்னாலும் புரிந்துகொள்வேன், தயங்காமல் எழுதுங்கள்.

செல்வழி — பதில்

வணக்கம் டீச்சர். செல் மரணம் குறித்த ஆய்வில் சில ஆண்டுகளாக இருப்பவன் என்பதால் உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

தற்கொலை என்ற உவமை அப்போப்டோசிஸ் என்னும் ஒரு வகை மரணத்துக்கு மட்டுமே பொருந்தும். 1972-இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலாஸ்டர் கரி ஆகிய மூவரும் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. செல்லின் மரபணுக்களிலேயே எழுதப்பட்டிருக்கும் ஓர் ஒழுங்கான முடிவு இது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் என்ற புழு வளரும்போது உருவாகும் 1090 உடற்செல்களில் 131 செல்கள், எந்தச் செல் எப்போது என்பது கூட மாறாமல், இப்படி மடிகின்றன. அதைக் கண்டறிந்து அதன் மரபணுக்களை அடையாளம் காட்டியதற்காகவே சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹோர்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோருக்கு 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலிலும் தினந்தோறும் பல ஆயிரம் கோடிச் செல்கள் இவ்வாறு சத்தமின்றிப் போய்ச் சேர்கின்றன.

நுண்ணோக்கியில் அப்போப்டோசிஸைப் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. தட்டின் அடியில் பரந்து ஒட்டிக்கொண்டிருந்த செல் முதலில் உருண்டு சுருங்கும். பிறகு அதன் சவ்வு, அடுப்பில் கொதிக்கும் கூழின் மேற்பரப்பைப் போல, கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி அடங்கும். கடைசியில் செல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரியும். ஒவ்வொரு பொட்டலத்தின் சவ்வும் கிழியாமல் இருக்கும். உள்ளே இருப்பது எதுவும் வெளியே சிந்துவதில்லை என்பதால் அக்கம்பக்கத்தில் அழற்சி ஏற்படுவதில்லை. இதற்கு நேர்மாறானது நெக்ரோசிஸ்: செல் உப்பி வெடித்து உள்ளிருப்பதையெல்லாம் கொட்டிவிடும்.

புற்றுநோய்ச் செல்லின் அடிப்படைக் கோளாறே அது சாக மறுப்பதுதான். மரபுப்பொருளில் சேதம் ஏற்பட்டால் "இனி நீ இருக்கக் கூடாது" என்று உத்தரவிடும் பி53 புரதம் பல கட்டிகளில் பழுதாகியிருக்கும். சாவைத் தடுக்கும் பி.சி.எல்-2 போன்ற புரதங்கள் சில கட்டிகளில் அளவுக்கு மீறி இருக்கும். ஆனால் சாவுக்கான கருவிகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு துளைபட்டு சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்தால், அது காஸ்பேஸ்-9 நொதியை எழுப்பும். அது, செல்லின் புரதங்களை வெட்டிச் சிதைக்கும் காஸ்பேஸ்-3 நொதியை எழுப்பும். அதன்பின் திரும்பி வர வழியில்லை. ஆகவே, பழுதான உத்தரவு நிலையங்களைச் சுற்றிக்கொண்டு, மைட்டோகாண்ட்ரியாவை நேராகத் தொந்தரவு செய்யும் எதுவும் இந்தச் சங்கிலியைத் தொடங்கிவைக்க முடியும். அந்த வேலையைச் செய்ய மருந்து மூலக்கூறுதான் வேண்டும் என்பதில்லை.

இங்கேதான் துகள் வருகிறது. செல் துகளை விழுங்கும்போது அது ஒரு சவ்வுப் பைக்குள் சிக்கி, கடைசியில் செல்லின் செரிமானப் பையான லைசோசோமை அடைகிறது. லைசோசோமின் உட்புறம் அமிலமானது. இரும்பு ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற துகள்கள் அந்த அமிலத்தில் மெல்லக் கரைந்து உலோக அயனிகளை விடுகின்றன. இரும்பு அயனி ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால், ஹென்றி ஃபென்டன் 1894-இல் விவரித்த வினை நடந்து, கையில் பட்டதையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்யும் ஹைட்ராக்சில் மூலிகள் பிறக்கின்றன. லைசோசோமின் சவ்வு கிழியலாம். கிழிந்தால் புரதங்களைச் செரிக்கும் கதெப்சின் நொதிகள் செல்லின் நடுவே கொட்டி, மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கலாம்.

இனி, உங்கள் மாணவி கொண்டுவந்த துணுக்குக்கு மிக அருகில் வரக்கூடிய ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டதால் கார்னெல் புள்ளிகள் என்று அழைக்கப்படும் சிலிக்கா துகள்கள் உண்டு; குறுக்களவு 10 நானோமீட்டருக்கும் குறைவு. கட்டியை ஒளிரச் செய்து படம் பிடிப்பதற்காகவே அவற்றைச் செய்தார்கள். கொல்வது நோக்கமாக இருக்கவில்லை. ஆனால் 2016-இல் வெளியான ஆய்வில், அமினோ அமிலங்கள் இல்லாமல் பட்டினி போடப்பட்ட புற்றுநோய்ச் செல்களுக்கு இந்தத் துகளை அதிகச் செறிவில் கொடுத்தபோது, செல்கள் அலை அலையாகச் சாவதைக் கண்டார்கள். ஒரு செல் மடிந்ததும் பக்கத்துச் செல், அதன் பின் அடுத்தது என்று மரணம் தட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பரவியது. எலிகளில் கட்டியின் வளர்ச்சியும் குறைந்தது. அந்தத் துகளில் மருந்து இல்லை. சுற்றியிருந்த இரும்பைத் தன்மீது ஏற்றிக்கொண்டு செல்லுக்குள் கொண்டுபோனதுதான் அது செய்த வேலை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த மரணம் அப்போப்டோசிஸ் அல்ல என்பதுதான் உங்கள் மூன்றாம் கேள்விக்கான விடை. அது ஃபெரோப்டோசிஸ், 2012-இல்தான் இதற்குப் பெயரே வைத்தார்கள். இரும்பின் உதவியால் செல் சவ்வின் கொழுப்புகள், வெயிலில் கிடந்த எண்ணெய் சிக்கடித்துப் போவதைப் போல, ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைவதே இது. காஸ்பேஸ்களுக்கு இதில் வேலை இல்லை. வழக்கமாக, அமினோ அமிலங்களால் ஆன குளூட்டாதயோன் என்ற காப்பு மூலக்கூறும் ஜி.பி.எக்ஸ்-4 என்ற நொதியும் இந்தச் சிதைவை உடனுக்குடன் சரிசெய்துவிடும். அமினோ அமிலம் கிடைக்காதபோது குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. காவல் இல்லாத வேளையில் இரும்பு உள்ளே வருகிறது. இதைத் தற்கொலை என்று சொல்வதைவிட, உள்ளிருந்த காப்பு முறிந்தது என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

நல்ல செல்லை ஏன் விட்டுவைக்கிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வேகமாகப் பிரியும் செல்லுக்கு இரும்புப் பசி அதிகம். அதன் வளர்சிதை மாற்றம் கொதிநிலையிலேயே இருப்பதால், ஆக்சிஜன் மூலிகளும் ஏற்கனவே விளிம்புவரை நிரம்பியிருக்கும். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் பொறுக்க முடியாது. கட்டியின் நடுப்பகுதியில் உணவும் குறைவு. இவை யாவும் அளவு வேறுபாடுகளே. "இந்தத் துகள் புற்றுநோய்ச் செல்லை மட்டுமே கொல்லும்" என்று யாராவது எழுதினால், எந்தச் செறிவில், எந்த நல்ல செல்லோடு ஒப்பிட்டு என்று கேட்கும்படி மாணவியிடம் சொல்லுங்கள்.

தங்கத்துகள் — பதில்

மேலே எழுதியவர் வேதியியல் வழியை மிக நன்றாக விளக்கிவிட்டார். நான் பொருளறிவியல் பக்கத்திலிருந்து, வெளியிலிருந்து விசை கொடுத்துக் கொல்லும் துகள்களைப் பற்றிச் சொல்கிறேன். மருந்தில்லாத துகள்களில் மனிதர்கள் வரை வந்து சேர்ந்தவை பெரும்பாலும் இந்த வகையே என்பதால் உங்கள் வகுப்புக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

தங்கம் நானோ அளவில் மஞ்சளாக இருப்பதில்லை. 20 நானோமீட்டர் உருண்டைகள் கலந்த நீர் திராட்சை ரசத்தைப் போலச் சிவந்திருக்கும். சிலிக்கா உருண்டையின் மேல் தங்கத்தை மெல்லிய ஓடாகப் பூசினால், ஓட்டின் தடிமனைப் பொறுத்து, அது விழுங்கும் ஒளியின் அலைநீளத்தை நாம் விரும்பிய இடத்துக்கு நகர்த்தலாம். ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரும் இதை அகச்சிவப்பு எல்லைக்கு, ஏறத்தாழ 800 நானோமீட்டருக்கு, நகர்த்தினார்கள். அந்த ஒளி திசுவுக்குள் ஓரளவு ஆழமாகப் போகும். ரத்தமும் நீரும் அதை அதிகம் விழுங்குவதில்லை. துகள் இருக்கும் இடத்தில் மட்டும் அது வெப்பமாக மாறும். 2019-இல் வெளியான புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வில் 16 பேருக்கு இந்தத் துகள்களை ரத்த நாளம் வழியாக ஏற்றி, மறுநாள் லேசர் இழையைக் கட்டிக்குள் செலுத்தினார்கள். 15 பேருக்குச் சிகிச்சையைத் திட்டமிட்டபடி முடிக்க முடிந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். சிகிச்சையைச் செய்ய முடியும் என்பதையே அது காட்டுகிறது.

இரும்பு ஆக்சைடு இன்னொரு வகை. கட்டிக்குள் நேராக ஊசியால் செலுத்தி, நோயாளியைத் திசை மாறும் காந்தப்புலத்துக்குள் படுக்கவைப்பார்கள். புலம் நொடிக்கு சுமார் 1,00,000 முறை மாற, துகள்கள் சூடாகும். மூளைக் கட்டிக்காக ஜெர்மனியில் உருவான இம்முறைக்கு ஐரோப்பாவில் 2010-இல் அனுமதி கிடைத்தது. நடைமுறைச் சிரமங்களைக் கேட்டால் மாணவர்கள் வியப்பார்கள்: பல்லில் உலோக அடைப்பு இருந்தால் அதுவும் சூடாகும் என்பதால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும், செலுத்திய இரும்பு தலைக்குள்ளேயே தங்கிவிடுவதால் அதன்பின் எம்.ஆர்.ஐ. படம் கறைபடிந்து பயனற்றுப்போகும்.

வெப்பத்தின் அளவைப் பொறுத்து மரணத்தின் வகையும் மாறுகிறது. ஏறத்தாழ 42 முதல் 45 டிகிரி வரை செல் தடுமாறி, கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் எளிதில் பணிந்து, பல நேரம் அப்போப்டோசிஸ் வழியே போகும். 50 டிகிரியைத் தாண்டினால் புரதங்கள் அவித்த முட்டையைப் போல உறைந்து நெக்ரோசிஸ்தான் நடக்கும். ஒரே துகள், ஒரே கட்டி; லேசரின் திறனைக் கூட்டினால் அதன் ஓரத்தில் ஒரு சாவும் நடுவில் வேறொரு சாவும் நிகழும்.

செல்வழி சொன்ன "எந்தச் செறிவில்" என்ற கேள்வியோடு, "எப்படி அளந்தீர்கள்" என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எம்.டி.டி. சோதனை என்று ஒன்று செய்வோம். 96 குழிகள் உள்ள தட்டில் மஞ்சள் நிறக் கரைசலை ஊற்றினால், உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். 570 நானோமீட்டரில் நிறத்தை அளந்தால் உயிரோடிருப்பவை எவ்வளவு என்று கணக்கிடலாம். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது எங்கள் தங்கத் துகள்கள் எவ்வளவு கொடுத்தாலும் செல்களை ஒன்றும் செய்யவில்லை என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தோம். எண்கள் அவ்வளவு அழகாக இருந்தன. ஒரு நாள் மாலை தட்டைக் கழுவுமுன் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். பாதிச் செல்கள் உருண்டு, அடியிலிருந்து கழன்று மிதந்துகொண்டிருந்தன. துகள்களின் சொந்தச் சிவப்பு நிறம் அந்த அலைநீளம் வரை நீண்டு, செத்த செல்லின் இடத்தை உயிருள்ள செல்லாகக் கணக்குக் காட்டியிருந்தது. செல்லே இல்லாமல் துகளை மட்டும் போட்ட நான்கு குழிகளை ஒதுக்கியிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். கார்பன் நானோ குழாய்களிலும் இதே சோதனை ஏமாற்றியிருக்கிறது, அங்கே எதிர்த்திசையில்: குழாய்கள் ஊதா நிறப்பொருளைப் பிடித்துக்கொண்டதால் உயிருள்ள செல்கள் செத்தவையாகத் தெரிந்தன. எனவே, ஒரே ஒரு நிறச் சோதனையை நம்பி "கொல்கிறது" என்றோ "தீங்கற்றது" என்றோ எழுதியிருக்கும் எதையும் நான் இரண்டு முறை படிப்பேன்.

மருந்துப்பாதை — பதில்

இரண்டு பதில்களும் சிறப்பாக உள்ளன. ஆனாலும் இரண்டிலும் துகள் செல்லின் வாசலுக்கு வந்துசேர்ந்த பிறகு நடப்பதே பேசப்படுகிறது. உண்மையான இடர்ப்பாடு அதற்கு முன்னால் இருக்கிறது. செல்வளர்ப்புத் தட்டில் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வது எளிது. ப்ளீச்சிங் பவுடர் கூடக் கொல்லும்.

ரத்தத்தில் ஏற்றிய அந்தக் கணமே துகளின் மேல் ரத்தப் புரதங்கள் போர்வையாகப் படிந்துவிடும். நாம் பார்த்துப் பார்த்து மேற்பரப்பில் ஒட்டவைத்த முகவரிச் சீட்டு, அதாவது புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் மூலக்கூறு, அந்தப் போர்வைக்கு அடியில் புதைந்துபோகலாம். சுமார் 5.5 நானோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சிறுநீரகம் வடித்து வெளியேற்றிவிடும். அதைவிடப் பெரிதானால் கல்லீரலின் குப்ஃபர் செல்களும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். கட்டியின் ரத்த நாளங்கள் ஓட்டையாக இருப்பதால் துகள்கள் அங்கே தாமாகவே கசிந்து தங்கும் என்று 1986-இல் ஜப்பானில் மட்சுமுரா, மயேடா இருவரும் எழுதியதுதான் இந்தத் துறையின் அடித்தளம். 2016-இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்தாண்டுக் கால ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டபோது, விலங்குகளுக்கு ஏற்றிய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம்தான் என்று தெரிந்தது. அதே குழுவினர் 2020-இல் அந்த ஓட்டைகளே அரிது என்றும், கட்டிக்குள் நுழையும் துகள்களில் 97 சதவீதம் வரை நாளச் சுவரின் செல்களே உயிர்ப்போடு கடத்திவிடுபவை என்றும் காட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில துகள்கள் நாளச் சுவரின் செல்களுக்கிடையே உள்ள பிணைப்பைத் தளர்த்திவிடுகின்றன. 2019-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் தங்கம், சிலிக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களைக் கொண்டு எலிகளில் செய்த ஆய்வில், மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் அந்த இடைவெளி வழியே ரத்தத்துக்குள் புகுவதும் வேறிடத்தில் வெளியேறுவதும் எளிதாயின. கொல்ல அனுப்பியதே பரவ வழி திறந்துவிடக்கூடும் என்பது இதன் பொருள்.

செல்வழி — மறுபதில்

மருந்துப்பாதை சொன்ன உண்மைகளை முழுமையாக ஏற்கிறேன், 0.7 சதவீதம் என்பதை மட்டும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துகளில்லாமல் நேரடியாக ஏற்றும் சாதாரணப் புற்றுநோய் மருந்திலும் கட்டியை எட்டுவது மிகச் சிறு பங்குதான். மீதி உடல் முழுதும் பரவுகிறது. லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புப் பைக்குள் அடைத்த டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முப்பது ஆண்டுகளாக அது பயன்பாட்டில் இருப்பதற்குப் பெரிய காரணம், அது இதயத்துக்குச் செல்லும் அளவைக் குறைத்ததுதான். கட்டியில் எத்தனை சதவீதம் சேர்ந்தது என்பது அங்கே ஒரே அளவுகோலாக இருக்கவில்லை.

மருந்துப்பாதை — மறுபதில்

சரியான குறுக்கீடு. ஆனால் நம் டீச்சர் கேட்டிருப்பது மருந்து சுமக்காத துகளைப் பற்றி. அங்கே அந்த ஒப்பீடு சாயாமல் நிற்குமா என்பது எனக்கு ஐயம். டாக்சோரூபிசின் மூலக்கூறு கல்லீரலில் சிதைந்து சில நாட்களில் வெளியேறிவிடும். தங்கத் துகள் சிதையாது. கல்லீரலில் பல மாதங்கள் கிடக்கும். ஒளியோ காந்தமோ பட்டால்தான் கொல்லும் துகளென்றால் கல்லீரலில் கிடப்பதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். தானே கொல்லும் துகள் என்றால், கட்டியை எட்டாத 99 சதவீதம் எங்கே போய் யாரைத் தொடுகிறது என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது.

செல்வழி — மறுபதில்

இந்தப் பிரிப்பு மிகச் சரியானது. என் பதிலில் அதை நான் செய்திருக்க வேண்டும். கார்னெல் புள்ளிகளைப் பற்றி எழுதும்போது, அவை சிறுநீரகம் வழியே வெளியேறும் அளவுக்குச் சிறியவை என்பதையும், பட்டினி கிடக்காத செல்கள் அவற்றைத் தாங்கிக்கொண்டன என்பதையும் சேர்த்திருந்தால் நீங்கள் எழுப்பும் கேள்விக்குப் பாதி விடையாவது கிடைத்திருக்கும்.

கதிர்சிகிச்சை — பதில்

நான் கதிர்சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டு ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் இதுவரை யாரும் ஹாஃப்னியத்தைக் குறிப்பிடவில்லை.

ஹாஃப்னியம் ஆக்சைடு துகள்கள் ஏறத்தாழ 50 நானோமீட்டர் அளவுள்ளவை. ஹாஃப்னியத்தின் அணு எண் 72 என்பதால், நீரும் கரிமப் பொருளும் நிறைந்த திசுவைவிட அது எக்ஸ் கதிரைப் பல மடங்கு அதிகமாக விழுங்கி, எலக்ட்ரான்களாகச் சிதறடிக்கும். முதல் சிகிச்சைக்கு முன் ஒரே ஒருமுறை கட்டிக்குள் ஊசி போடுவார்கள். அதன்பின் வழக்கமான கதிர்சிகிச்சைதான். கதிர் படாதபோது துகள் சும்மா கிடக்கும். ரத்தத்தில் ஏற்றுவதில்லை என்பதால் மருந்துப்பாதை சொன்ன கல்லீரல் சிக்கலும் பெருமளவு குறைகிறது. கை கால்களிலும் உடற்சுவரிலும் வரும் மென்திசுப் புற்று உள்ள 180 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் உயிருள்ள செல் ஏறக்குறைய இல்லாமல் போனவர்கள் கதிர் மட்டும் பெற்றோரில் 8 சதவீதம், துகளும் கதிரும் பெற்றோரில் 16 சதவீதம். அதன் அடிப்படையில் 2019-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

இருமடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். நூறு பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதல் பயன் என்று சொன்னால் அதன் உண்மையான அளவு தெரியும். இரண்டும் ஒரே கணக்குதான். நோயாளிகளிடமும் அவர்களின் குடும்பத்தாரிடமும் நான் இரண்டாவது முறையில்தான் சொல்வேன், ஏனென்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் அந்த எட்டில் ஒருவரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. செய்தித் துணுக்கை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, "இது எப்போது எங்களுக்குக் கிடைக்கும்?" என்று கேட்பவர்களை மாதம் ஒருமுறையாவது சந்திக்கிறேன். அது எலியில் நடந்ததா, எத்தனை மனிதர்களிடம் நடந்தது, எந்தப் புற்றுநோய்க்கு என்று அவர்களோடு சேர்ந்து அந்தத் துணுக்கை வரி வரியாகப் படிப்பேன். பல நேரம் அந்தத் தகவல் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். உங்கள் மாணவி கடைசிப் பத்திவரை படித்திருக்கிறாள் என்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன்.

உயிரியல் ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வண்டி உவமையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, லிப்போசோமுக்கு அது பொருந்தும், ஆனால் துகளே செய்யும் வேலைகள் வேறு என்று பிரித்துச் சொல்லப்போகிறேன். ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. அப்போப்டோசிஸில் எதுவும் சிந்தாது, அழற்சி வராது, அதனால் அது நல்ல சாவு என்று பாடநூலை ஒட்டி நான் இதுவரை சொல்லிவந்திருக்கிறேன். அப்படியானால் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் அந்த அமைதியான சாவைத்தான் நாம் விரும்ப வேண்டுமா?

செல்வழி — பதில்

இதைக் கேட்டதற்கு நன்றி டீச்சர். இன்று இத்துறையில் மிகுந்த ஆர்வத்தோடு ஆராயப்படும் இடம் இதுவே. வளரும் கருவிலும் நலமான உடலிலும் அமைதியான சாவுதான் வேண்டும். கட்டியில் நிலைமை வேறு. அங்கே செல்கள் சத்தமின்றி மடிந்தால், நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அங்கே ஏதோ நடந்தது என்றே தெரியாது. மடியாமல் தப்பிய செல்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

சில மருந்துகளும் கதிர்வீச்சும் சில துகள்களும் உண்டாக்கும் சாவு இப்படி அமைதியாக முடிவதில்லை. சாகும் செல் கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தைத் தன் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. விழுங்கும் செல்களுக்கு அது "என்னைத் தின்னு" என்ற அழைப்பு. வெளியே கசியும் ஏ.டி.பி.யும் எச்.எம்.ஜி.பி-1 புரதமும் ஆபத்து அறிவிப்புகளாகின்றன. டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புக் காவலர்கள் வந்து செத்ததன் துண்டுகளை எடுத்துச் சென்று, தாக்கிக் கொல்லும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. அந்த டி செல்கள் அதே அடையாளமுள்ள உயிருள்ள புற்றுநோய்ச் செல்களைத் தேடிப் புறப்படுகின்றன. 0.7 சதவீதத் துகள் கட்டியின் ஒரு மூலையை மட்டுமே எட்டினாலும், அந்த மூலையில் நடக்கும் சாவு இப்படிக் குரல் எழுப்புவதாக இருந்தால், துகள் போகாத இடத்துக்கும் பயன் போய்ச்சேர வாய்ப்பு உண்டு.

கொல்லாமலே இந்த வழியில் உதவும் துகளும் உண்டு. ரத்தசோகைக்காக 2009 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் உள்ள ஃபெருமோக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு மருந்தை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். மார்பகக் கட்டிக்குள் அதற்கு உதவியாளாக மாறிப்போயிருந்த மேக்ரோபேஜ்கள் (விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) இரும்பை விழுங்கியதும் மீண்டும் தாக்கும் நிலைக்குத் திரும்பின. கட்டியின் வளர்ச்சி தடைபட்டது. புற்றுநோய்ச் செல்லைத் துகள் தொடவில்லை; அதைச் சாகச் செய்தவை மேக்ரோபேஜ்கள் வெளியிட்ட பெராக்சைடும், அதிலிருந்து ஃபென்டன் வினையில் பிறந்த மூலிகளும்தான்.

கரும்பலகையில் வரைவதாக இருந்தால் ஒரு செல்லை மட்டும் வரையாதீர்கள் டீச்சர். நடுவில் சாகும் செல், ஒரு பக்கம் அதைத் தின்ன வரும் மேக்ரோபேஜ், மறு பக்கம் இன்னும் துகள் எட்டாத இரண்டு புற்றுநோய்ச் செல்கள், இவற்றுக்கு அடியில் ஒரு ரத்த நாளம் என்று வரையுங்கள். துகளை அந்த நாளத்துக்குள் வைத்துவிட்டு, அது எங்கெங்கே போகலாம் என்று அம்புக்குறி போடும் வேலையை உங்கள் மாணவியிடமே கொடுத்துவிடுங்கள். முதல் அம்பு கல்லீரலை நோக்கிப் போனால் மருந்துப்பாதை மகிழ்வார்.